முதல் வருடத்தில் 'சி' வாங்கிய பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கு

அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில், மருத்துவக் கல்லூரிக்குப் போக நினைக்கும் இளங்கலை மாணவர்களுக்கு வழிகாட்டும் வேலை எனக்கு. முதல் செமஸ்டர் முடிவு வந்த கையோடு, தெரியாத எண்களிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கும். தமிழ்ச் சங்கத்திலோ தமிழ்ப் பள்ளியிலோ யாராவது என் எண்ணைக் கொடுத்திருப்பார்கள். "மேடம், ஹை ஸ்கூல்ல எல்லாத்துலயும் ஏ. இங்க கெமிஸ்ட்ரில சி போட்டுட்டாங்க" என்று ஆரம்பிப்பார் ஒரு அப்பா. 'போட்டுட்டாங்க' என்பதிலேயே பாதிக் கதை வந்துவிடும். மீதி, அவர் கேட்கும் அடுத்த கேள்வியில்: "இனிமே மெடிசின் அவ்ளோதானா?"

இல்லை. ஆனால் அந்த சி-யைப் பார்த்த பதற்றத்தில் அடுத்த ஆறு மாதத்துக்குள் வீட்டில் எடுக்கப்படும் முடிவுகள், அவ்வளவுதான் என்று ஆக்கிவிடக்கூடியவை. ஒவ்வொருவரிடமும் போனில் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

நம்மில் பலர் தொண்ணூறுகளை ஒட்டித் தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்தவர்கள். 1984-இல் தொடங்கி 2007-இல் எடுக்கப்பட்ட நுழைவுத் தேர்வை எழுதியவர்கள். பிளஸ் டூ மார்க்கில் 200, நுழைவுத் தேர்வில் 100, ஆக 300-க்கு எவ்வளவு என்பதுதான் அந்த வயதில் நமக்கு ஜாதகம். அரை மார்க்கில் எம்.பி.பி.எஸ். தவறிப்போன ஓர் அண்ணனோ அக்காவோ சொந்தத்தில் கட்டாயம் இருப்பார். மனம் தளராதவர்கள் ஒரு வருடம் வீட்டிலிருந்து 'இம்ப்ரூவ்மென்ட்' எழுதினார்கள். புது மார்க் வந்ததும் பழைய மார்க்கை யாரும் கேட்கவில்லை. ஒரே எண், ஒரே தரவரிசைப் பட்டியல், பதினேழு பதினெட்டு வயதில் எல்லாம் முடிந்தது. உங்களில் பலர் இன்னும் அந்தக் கணக்கிலேயே பேசுகிறீர்கள். இங்கே இரண்டு விஷயங்கள் தலைகீழ்.

முதலாவது கசப்பானது. இங்கே பழைய மார்க் எங்கும் போகாது. எம்.டி. எனப்படும் இந்த ஊர் மருத்துவப் பட்டத்துக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸ், பிள்ளை காலடி வைத்த ஒவ்வொரு அமெரிக்கக் கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டையும், அதாவது மார்க் பட்டியலையும், கேட்கும். ஹை ஸ்கூலில் இருக்கும்போதே பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் எடுத்த கால்குலஸும் அதில் சேர்த்தி. ஒரு பாடத்தில் டி வாங்கி, திரும்பப் படித்து ஏ வாங்கினால், உங்கள் பல்கலைக்கழகம் ஏ-யை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். ஆம்காஸ் இரண்டையும் கூட்டும். டி.ஓ. என்ற இன்னொரு மருத்துவப் பட்டம் தரும் ஆஸ்டியோபதிக் கல்லூரிகளுக்கான விண்ணப்பத்தில் மட்டும் முன்பு புது மார்க் பழையதை அழித்தது. 2017-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். "திரும்ப எழுதினா பழசு போயிடும்" என்று வாட்ஸ்அப் குழுக்களில் இன்னமும் சுற்றிக்கொண்டிருப்பது அந்தக் காலத்துச் செய்தி. டெக்சஸில் ஒரு விதிவிலக்கு உண்டு. அந்த மாநிலத்தவர், பத்து ஆண்டுகளுக்கு முந்தைய கல்லூரிப் பாடங்களை மொத்தமாக ஒதுக்கிவைக்க மாநிலச் சட்டமே இடம் தருகிறது. இதைச் சொன்னதும் சில அப்பாக்கள் டெக்சஸில் வீடு தேடத் தொடங்கினார்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். முதல் வருடம் 30 கிரெடிட்டில் ஜி.பி.ஏ., அதாவது 4-க்குக் கணக்கிடும் கிரேடு சராசரி, 2.3. அடுத்த மூன்று வருடம் 90 கிரெடிட்டில் 3.8 வாங்குகிறாள் என்று வையுங்கள். அது சாதாரண உழைப்பில்லை. அப்படியும் பட்டம் வாங்கும்போது மொத்தம் 3.43-ஐத் தாண்டாது. அதற்குமேல் இன்னொரு வருடம் 30 கிரெடிட் படித்து எல்லாவற்றிலும் ஏ வாங்கினால் 3.54. மருத்துவக் கல்லூரியில் சேர்பவர்களின் சராசரி ஜி.பி.ஏ. ஏறத்தாழ 3.8. அந்த ஒரு வருடத்தை எதைக்கொண்டும் முழுவதுமாக ஈடுகட்ட முடியாது. இதை மறைத்து ஆறுதல் சொல்லும் ஆலோசகர் யாராவது இருந்தால், பணம் வாங்கிக்கொண்டு சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது விஷயம்தான் உங்கள் கண்ணில் படுவதில்லை. அந்த 3.43 ஒற்றை எண்ணாகப் போய்ச் சேர்வதில்லை. ஆம்காஸ் அதை வருடவாரியாகப் பிரித்து, வரிசை வரிசையாக அச்சிட்டு அனுப்புகிறது. முதல் வருடம் இவ்வளவு, இரண்டாம் வருடம் இவ்வளவு, பட்டத்துக்குப் பிறகு படித்தது தனியாக இவ்வளவு. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கையும் சேர்த்து ஒரு தனிக் கணக்கு. சேர்க்கைக் குழுவில் இருப்பவர் கண்ணுக்கு 2.3, 3.7, 3.8, 3.9 என்று ஏறும் நிரல் வேறு. நான்கு வருடமும் 3.4, 3.4 என்று நடந்த பிள்ளையின் நிரல் வேறு. மொத்தம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும் இரண்டையும் ஒன்றாகப் படிக்கமாட்டார்கள். விழுந்தவள் எழுந்தாள் என்பதற்கு அங்கே சாட்சி இருக்கிறது. எப்போதும் 3.4-லேயே இருந்தவருக்கு அப்படி ஒன்று இல்லை. சில கல்லூரிகள் கடைசி ஓரிரு வருடங்களுக்கு வெளிப்படையாகவே கூடுதல் எடை தருகின்றன. எல்லாக் கல்லூரிகளும் இப்படி இல்லை. ஜி.பி.ஏ. ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால் விண்ணப்பத்தைத் திறந்தே பார்க்காத இடங்களும் உண்டு. எங்கே விண்ணப்பிப்பது என்பதும் அதனால் ஒரு வேலை.

சரி, ஏன் விழுகிறார்கள்? போனில் இந்தக் கேள்வியை நீங்கள் கேட்பதே இல்லை. கேட்டாலும் பதிலை நீங்களே தருகிறீர்கள்: போன், ஃப்ரெண்ட்ஸ், ரூம்மேட்.

நான் அதிகம் பார்க்கும் காரணம் ஏ.பி. கிரெடிட், அதாவது ஹை ஸ்கூலிலேயே கல்லூரி நிலைத் தேர்வு எழுதி வாங்கும் கிரெடிட். ஏ.பி. கெமிஸ்ட்ரியில் 5 வாங்கிய பிள்ளை, பொது வேதியியலைத் தாண்டி முதல் செமஸ்டரிலேயே ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் போய் உட்காருகிறது. "ஒரு வருஷம் மிச்சம்" என்று வீட்டில் சந்தோஷம். பக்கத்து இருக்கையில் இருப்பவர்களோ, ஒரு வருடம் கல்லூரிப் பரீட்சைக்குப் பழகிய இரண்டாம் வருட மாணவர்கள். முந்நூறு பேர் உட்காரும் அரங்கம், இரண்டு மிட்-டெர்ம், ஒரு ஃபைனல். வீட்டுப்பாடத்துக்கு மார்க் கிடையாது, பல இடங்களில் மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டுத்தான் கிரேடு. 2022-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி படித்த 350 பேரில் 82 பேர் பாடம் கடினமாக இருக்கிறது, மார்க் குறைகிறது என்று மனு எழுதிக் கொடுக்க, அந்தப் பேராசிரியரின் ஒப்பந்தமே முடிக்கப்பட்டது. நாடு முழுக்கச் செய்தியானது. யார் பக்கம் நியாயம் என்ற சண்டை ஓயவில்லை. நான் சொல்ல வருவது, அந்தப் பாடம் எல்லா ஊரிலும் அப்படித்தான் என்பது. இவ்வளவு பாடுபட்டுத் தாண்டிய பொது வேதியியலை, ஏ.பி. கிரெடிட்டாக ஏற்காத மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன என்பது தனி வேடிக்கை.

அடுத்த காரணம் நம் வீடுகளுக்கே உரியது. பன்னிரண்டு வருடம் அந்தப் பிள்ளையின் நேரத்தை நிர்வகித்தவர் அம்மா. கூமான் கணக்கு வகுப்பு எப்போது, பரதநாட்டியம் எப்போது, மேத் ஒலிம்பியாட் எப்போது, எல்லாம் ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளில். நாளைக்கு டெஸ்ட் என்று நினைவுபடுத்த ஆள் இல்லாத முதல் செமஸ்டரை அது எப்படிக் கடக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைபாடு இருந்தும் அம்மாவின் மேற்பார்வையில் வெளியே தெரியாமல் பத்தொன்பது வயதுவரை வந்துவிட்ட பிள்ளைகளை, குறிப்பாகப் பெண் பிள்ளைகளை, நான் நிறையப் பார்க்கிறேன். சோம்பேறித்தனம் என்று நீங்கள் திட்டுவது சில சமயம் மருத்துவர் பார்க்கவேண்டிய விஷயம். மனச்சோர்வும் அப்படித்தான். கல்லூரியிலேயே அதற்கு அலுவலகம் இருக்கிறது. ஆலோசனைக்குப் போனது மருத்துவக் கல்லூரிக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து அனுப்பாமல் இருக்காதீர்கள். ஆம்காஸ் விண்ணப்பத்தில் அப்படி ஒரு கேள்வி இல்லை. அது கேட்பது, படிப்புக்காகவோ நடத்தைக்காகவோ கல்லூரி எடுத்த நடவடிக்கையை. உதவி தேடாமல் விட்டு, புரொபேஷனில், அதாவது கல்லூரியின் எச்சரிக்கைக் கண்காணிப்பில், வைக்கப்பட்டால், எழுதியாக வேண்டியது அதுதான்.

இன்னொன்று, மறைப்பது. 1974-இன் கல்விப் பதிவுகள் சட்டப்படி, பிள்ளை கல்லூரியில் சேர்ந்ததும் மார்க்கைப் பார்க்கும் உரிமை அவர்களுக்குப் போய்விடுகிறது. நீங்கள் கட்டணம் கட்டினாலும் கல்லூரி உங்களுக்கு ரிப்போர்ட் கார்டு அனுப்பாது. இதற்கு நம் வீடுகளில் கண்ட தீர்வு, போர்டலின் பாஸ்வேர்டைப் பிடுங்குவது. பிடுங்கிய வீட்டுப் பிள்ளை, பேராசிரியரிடம் சந்தேகம் கேட்கும் 'ஆபீஸ் அவர்ஸு'க்குப் போகாது; பாடத்தை விட்டு விலகும் கடைசித் தேதி தாண்டும்வரை வாயைத் திறக்காது. தேதிக்குள் விலகியிருந்தால் டிரான்ஸ்கிரிப்டில் ஒரு டபிள்யூ. ஜி.பி.ஏ.வில் அதற்கு எடை இல்லை. அம்மா பார்த்துவிடுவாள் என்ற பயத்தில் கடைசிவரை உட்கார்ந்து எஃப் வாங்கிய பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு டபிள்யூவைப் பார்த்து யாரும் விண்ணப்பத்தைத் தூக்கி எறியமாட்டார்கள்.

இனி, நீங்கள் செய்யும் காரியங்கள்.

விட்டதைப் பிடிக்க அடுத்த செமஸ்டரில் 18 கிரெடிட். கூடவே லேப் வேலை. கோடையில் எட்டு வாரத்தில் ஆர்கானிக். மூச்சுத் திணறுகிறவனை இன்னும் வேகமாக ஓடச் சொல்வதற்கு நம் ஊரில் ஒரு பெயர் உண்டு, எழுத விரும்பவில்லை. குறைக்க வேண்டிய நேரம் அது. 12, 13 கிரெடிட், அதில் இரண்டு பாடம் மட்டும் அறிவியல், அந்த இரண்டிலும் ஏ. அடுத்த செமஸ்டர் கொஞ்சம் கூட்டலாம். பட்டம் ஐந்தாவது வருடத்துக்குப் போனால் போகட்டும். சி-க்குக் கீழே இருப்பதைத் திரும்பப் படிக்கத்தான் வேண்டும், பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் அதை ஏற்பதில்லை. பி-யை ஏ ஆக்கத் திரும்ப உட்காருவது வீண். அந்த நேரத்தில் உயிர்வேதியியலோ உடலியங்கியலோ எடுத்து அதில் ஏ வாங்கிக் காட்டினால் மதிப்பு அதிகம்.

அடுத்தது, மருத்துவக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வு, எம்கேட். "மார்க் குறைஞ்சா என்ன, எம்கேட்ல காட்டிடலாம், சீக்கிரம் எழுதட்டும்." இது இம்ப்ரூவ்மென்ட் காலத்து மூளை. எம்கேட் 472-இல் தொடங்கி 528-இல் முடியும், நடுப்புள்ளி 500. சேர்பவர்களின் சராசரி 511-ஐத் தாண்டி நிற்கிறது. ஏழரை மணி நேரம் உட்காரவேண்டிய தேர்வு. வாழ்நாளில் ஏழு முறைதான் எழுதலாம், எழுதிய ஒவ்வொரு ஸ்கோரும் கல்லூரிக்குப் போகும். உயிர்வேதியியல் படிக்காமல், பயிற்சித் தேர்வில் 498 வாங்கிக்கொண்டு, அப்பா பணம் கட்டிவிட்டார் என்பதற்காகப் போய் எழுதுவது, தாமாகத் தேடிப்போய் இரண்டாவது சி வாங்குவது. ஜி.பி.ஏ. தாழ்ந்த பிள்ளைக்கு எம்கேட் உண்மையிலேயே பெரிய துணை. அதனால்தான் சொல்கிறேன், தயாரான பிறகு, முடிந்தால் ஒரே முறை.

"சும்மா போட்டுப் பார்ப்போமே" என்று விண்ணப்பிப்பதும் அப்படியே. பல ஆயிரம் டாலர் செலவு ஒரு பக்கம். அடுத்த வருடம் இவர் ஏற்கெனவே விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர் என்று அந்தக் கல்லூரிகளுக்குத் தெரியும். போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் என்ன மாறியது என்று கேட்பார்கள். 2024 சேர்க்கைக்கு எம்.டி. கல்லூரிகளில் விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 52,000, சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 23,000. ஜி.பி.ஏ.வும் எம்கேட்டும் உச்சத்தில் இருப்பவர்களிலேயே கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு இடம் கிடைப்பதில்லை. சும்மா போட்டுப் பார்க்கும் இடமில்லை இது.

பிறகு கரிபியன். வருடத்துக்கு மூன்று முறை ஆள் எடுக்கும் கல்லூரிகள் அங்கே உண்டு. மார்க்கைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை. படித்து முடித்து இங்கே நல்ல மருத்துவர்களாக இருப்பவர்களை எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நமக்குத் தெரியாதவர்கள், நடுவில் திரும்பி வந்தவர்கள். அவர்கள் சங்க விழாவுக்கு வருவதில்லை. 2024-இல் இங்கே எம்.டி. இறுதியாண்டு மாணவர்களில் 93.5 சதவீதம் பேருக்கு ரெசிடென்சி, அதாவது பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி இடம் கிடைத்தது. ஆஸ்டியோபதிக் மாணவர்களுக்கு 92.3. வெளிநாட்டில் படித்துவந்த அமெரிக்கக் குடிமக்களுக்கு 67. இந்த 67-ம், படிப்பை முடித்து, அந்த இடங்களை ஒதுக்கும் 'மேட்ச்' வரை வந்து சேர்ந்தவர்களின் கணக்கு. இரண்டாம் செமஸ்டரில் கடனோடு வெளியேறியவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. இங்கே கல்லூரியில் ஏன் தடுமாறினான் என்று கண்டுபிடிக்காமல், அதைவிட வேகமான பாடத்திட்டத்தில், கைதூக்கிவிட ஆளில்லாத தீவில் கொண்டுபோய் விடுவது கடைசி வழியாகக்கூட எனக்குச் சம்மதமில்லை. தமிழ்நாட்டில் என்.ஆர்.ஐ. கோட்டா பற்றிக் கேட்பவர்களுக்கு: நீட் எழுதவேண்டும், பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இரண்டு மூன்று வருடம் அதையே தின்று குடித்து எழுதுகிறார்கள். அவ்வளவுதான் சொல்வேன்.

அதற்குப் பதில், வீட்டுக்கு அருகிலேயே இருக்கும் ஒரு வழியை முகம் சுளித்து ஒதுக்குகிறீர்கள். "டி.ஓ.வா? அது ஃபுல் டாக்டரா?" முழு டாக்டர்தான். 1892-இல் மிசௌரியின் கிர்க்ஸ்வில்லில் முதல் ஆஸ்டியோபதிக் கல்லூரி தொடங்கியது. இன்று இந்த நாட்டில் படிக்கும் மருத்துவ மாணவர்களில் கால்வாசிக்கு மேல் அங்கே. ஐம்பது மாநிலத்திலும் அதே உரிமம், அதே மருந்துச் சீட்டு, அதே அறுவை அரங்கம். 2020 முதல் இரு தரப்புக்கும் ரெசிடென்சி அங்கீகாரமும் ஒன்றே. உங்கள் ஊர் மருத்துவமனையின் அவசரச் சிகிச்சையில் உங்களைப் பார்த்தவரின் வெள்ளைக் கோட்டில் எம்.டி. என்று இருந்ததா டி.ஓ. என்று இருந்ததா, நினைவிருக்கிறதா? மேலே சொன்ன ஏறும் நிரலை இந்தக் கல்லூரிகள் பலவும் பொறுமையாகப் படிக்கின்றன. மாப்பிள்ளை பார்க்கும்போது எம்.டி. என்று சொல்ல முடியாது என்ற கவலை என்றால், அதற்கு என்னிடம் மருந்தில்லை.

பட்டம் முடித்தபிறகும் நேரம் இருக்கிறது. போஸ்ட்-பாக் என்று ஒரு வருடம் இரண்டு வருடம் இளங்கலை அறிவியல் பாடங்களையே படிக்கலாம். அது ஜி.பி.ஏ.வில் சேரும், உள்ளூர் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மலிவாகவும் முடியும். இன்னொன்று, மருத்துவ மாணவர்களின் முதல் வருடப் பாடத்தையே அவர்களோடு படிக்கவைக்கும் சிறப்பு முதுகலை. ஜார்ஜ்டவுனில் எழுபதுகளிலிருந்தே நடக்கிறது. அங்கே நன்றாகச் செய்தால் பெரிய கதவு திறக்கும். சறுக்கினால் அத்தோடு சரி, அடுத்த சாக்கு கிடையாது. அந்த மார்க் முதுகலைக் கணக்கில் தனியாக நிற்கும், இளங்கலை 3.43-ஐ நகர்த்தாது. செலவும் அதிகம். 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்குக் கிராட் பிளஸ் எனும் கூட்டாட்சிக் கடன் இல்லை. முதுகலைக்கு வருடம் 20,500 டாலர், மருத்துவப் படிப்புக்கு வருடம் 50,000 டாலர் என்று கூட்டாட்சிக் கடனுக்கு உச்சவரம்பு. ஆகவே பெயரைப் பார்த்து முதுகலையில் பணத்தைக் கொட்டுவதற்கு முன், இளங்கலைப் பாடங்களில் இரண்டு செமஸ்டர் ஏ வருகிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரு சிறு விஷயம், கேட்கச் சங்கடமானது. பிள்ளைக்கு மருத்துவராக விருப்பம் இருக்கிறதா? கெமிஸ்ட்ரியில் சி வாங்குவது, 'வேண்டாம்' என்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிட எளிது என்று நினைக்கும் பிள்ளைகள் என் அறைக்கு வருகிறார்கள். இறுதிக்கால நோயாளிகளைக் கவனிக்கும் ஹாஸ்பிஸில் வாரம் ஒரு நாள் உட்கார்ந்தோ, ஆம்புலன்ஸில் ஈ.எம்.டி. எனும் அவசர உதவியாளராகப் போயோ பார்த்தால் ஒரு வருடத்தில் அவர்களுக்கே தெரிந்துவிடும். விருப்பம் இல்லையென்றால் மேலே எழுதிய எதுவும் உங்களுக்குத் தேவையில்லை.

விருப்பம் இருந்தால், வயதைப் பற்றிய பேச்சை நிறுத்துங்கள். மருத்துவக் கல்லூரியில் சேர்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் பட்டத்துக்குப் பின் ஒரு வருடமாவது இடைவெளி விட்டவர்கள்தான். விண்ணப்பம் ஒவ்வொரு மே மாதமும் திறக்கும். இந்த வருடம் வேண்டாம், இன்னும் ஒரு வருடம் படித்துவிட்டுப் போடுகிறேன் என்று பிள்ளை சொன்னால், "பக்கத்து வீட்டுப் பொண்ணு செகண்ட் இயர் போயிட்டா" என்று ஆரம்பிக்காமல் சரி என்று சொல்லுங்கள். அந்த வருடம் அவன் மருத்துவமனையில் மருத்துவருக்காகக் குறிப்பெழுதும் ஸ்கிரைபாக வேலை பார்த்தால் கையில் அதிகம் நிற்காது. வீட்டு அறையைக் கொடுங்கள். 26 வயதுவரை உங்கள் மருத்துவக் காப்பீட்டில் இருக்கலாம், பெயரை எடுத்துவிடாதீர்கள். கல்லூரி ஆலோசகரைப் பார்க்க அவனே நேரம் வாங்கட்டும், நீங்கள் கூட வரவேண்டாம்.

அன்புடன்,
ஒரு முன்மருத்துவ ஆலோசகர்